மாயவன் பிசைந்த முகம்

மாயவனைச் சும்மா உட்காரவைத்து ஜெயித்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. ரேஷன் கடையில் அரிசி போடும்போதுகூட ஒரு கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். கைரேகை மிஷின் சிக்னல் கிடைக்காமல் முழித்துக்கொண்டிருக்கும்போது வேறு விற்பனையாளராக இருந்தால் போனை எடுத்து நோண்டுவார். மாயவன் பேனாவை எடுப்பான். வரிசையில் நிற்கிற யாராவது ஒருவருடைய மூக்கோ தாடையோ, காலிச் சாக்கின் மீதும் அட்டைப்பெட்டி மூடியின் மீதும் வந்து விழும். "மூஞ்சிய அப்புறம் வரையலாம், மொதல்ல சக்கரையப் போடு மாயவா" என்று வயசான பெண்கள் சத்தம் போடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போடுவான், காதோரம் ஒரு கோடு பாக்கி நிற்கிற குறையோடு.

கல்லூரி முடித்த நாளிலிருந்து அவன் கதை எழுதுகிறவன். நல்லம்பள்ளியைச் சுற்றியிருக்கிற ஆட்களைப் பற்றித்தான் எழுதுவான். சிறு பத்திரிகைகளில் வரும். ஒரு தொகுப்பும் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவன் எழுதும் முறையே ஒரு கோணல். கதை முதலில் வராது, முகம்தான் வரும். மாதக் காலண்டரின் பழைய தாளைத் திருப்பிப்போட்டு ஒரு முகத்தை வரைவான், கிழிப்பான், மறுபடி வரைவான். முகம் சரியாக வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆள் வாயைத் திறப்பார். அப்புறம் கதை தானாக ஓடும். முகம் வராவிட்டால் ஒரு வரி நகராது. வீட்டுக்குள் நடப்பான், வாசலுக்குப் போவான், தாகமில்லாமல் தண்ணீர் குடிப்பான், மறுபடி நடப்பான். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அவன் மனைவி சுகுணா, "நாள் பூரா அங்க முப்பது குழந்தைங்கள உக்கார வச்சிட்டு வரேன். இங்க ஒண்ணே ஒண்ணு உக்கார மாட்டேங்குது" என்பாள்.

இலக்கியக் கூட்டங்களுக்குப் போனால் எழுத்தாளர்கள் அவனிடம், "நீங்க அடிப்படையில ஓவியர் சார்" என்று தோளைத் தட்டுவார்கள். ஓவியர்களிடம் படத்தைக் காட்டினால் அவர்கள் ரொம்ப மரியாதையாக, "நீங்க கதை எழுதறத விட்றாதீங்க" என்பார்கள். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்களே தவிர, யாரும் இலை போடவில்லை. மாயவனுக்கு அதில் வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று அவனுக்கு இருந்தது. அது அண்ணன் மாரியப்பன்.

அப்பா செத்த பிறகு மாயவனைப் படிக்கவைத்தவர் அண்ணன்தான். அந்தக் காலத்தில் ஆளைப் பார்த்தாலே நாலு பேர் ஒதுங்கி நிற்பார்கள். அகலமான தாடை, தடித்த மூக்கு, இடது புருவத்தை இரண்டாக வகிர்ந்த ஒரு தழும்பு. மழை பொய்த்த ஒரு வருஷம் கொல்லை நிலத்தில் தண்ணீருக்குப் போர் போட்டார். புகைதான் வந்தது. இடத்தை மாற்றி மறுபடி போட்டார். அதுவும் புகை. கடைசியாக அண்ணி தீர்த்தம்மாளின் தாலிக்கொடியை அடகு வைத்துப் போட்ட போரிலும் வெறும் வெள்ளைத் தூள் பறந்தபோது, அண்ணன் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் துளை போடும் ரிக் லாரிக்குப் பின்பக்கம் போனார். மாயவன் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே போனான். அங்கே அவர் முகமெல்லாம் கல்தூள் அப்பியிருக்க, கீழுதட்டை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். மாயவன் செம்பை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

திரும்பி நேராக வீட்டுக்கு வந்தவன் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டான். அவன் புத்தி அப்படி.

அந்த முகம் ஒரே தடவையில் வந்தது. கதையும் அப்படியே கொட்டியது. கதையில் அண்ணன் பெயரை மாற்றினான். ஊரைக் கம்பைநல்லூர்ப் பக்கம் தள்ளிவைத்தான். போரைக் கிணறு ஆக்கினான். இத்தனை சாமர்த்தியமும் செய்துவிட்டு, வரைந்த முகத்தையும் கதையோடு சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பிவைத்தான். அரைப் பக்கத்துக்குப் படம் போட்டார்கள். புருவத் தழும்புகூடத் தப்பவில்லை. கதையை ஊரில் நாலு பேர் படித்திருந்தால் அதிகம். படம் பார்க்கப் படிப்பு வேண்டுமா என்ன? பத்திரிகை டீக்கடையில் கைமாறியது. பெஞ்சில் இருந்த ஒருவன் அண்ணன் காதுபடவே, "மாரியப்பா, உனக்கு இம்புட்டு நல்லா அழுவத் தெரியுமா?" என்று கேட்டான்.

அண்ணன் வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் மாயவனுக்கு நன்றாக இருந்திருக்கும். வாசலிலேயே நின்றார்.

"ரிக்கு லாரி பின்னால நான் எதுக்குடா போனேன்?"

மாயவனின் கால் தாளம் போடுவதை நிறுத்தியது.

"எவனும் பாக்கக் கூடாதுன்னு போனேன். நீ வந்து நின்னதும் தெரியும். நீ பாத்தா என்ன, நானே பாத்த மாதிரிதானேன்னு இருந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. அண்ணன் கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டு போனார். கொல்லையில் தனியாக இருக்கிற வீட்டை அங்கே கொட்டாய் என்பார்கள். மாரியப்பன் கொட்டாய் என்றால் இப்போது மினி பஸ்ஸே நிற்கிறது. அங்கிருந்து ரோட்டுக்குப் போக ஊருக்குள் வர வேண்டியதில்லை. கல்யாணம் காட்சியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொள்வது மாயவன்தான். பார்த்துப் பார்த்தே இந்த வினை வந்தது என்று அவரைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அண்ணி மாதாமாதம் ரேஷன் கடைக்கு வருவாள். "அரிசி," "பருப்பு வந்திருக்குதா," அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. போன வருஷம் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றிப்போய்ச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாயவன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் இருக்கும் தொப்பூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். அடுத்த நாளும் போனான், அடுத்த நாளும் திரும்பினான். போக வேண்டும் என்று ஆசை இருந்தது. பயம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கதையோடு படம் அனுப்புவதை அவன் அன்றோடு நிறுத்திவிட்டான். கதையும் நொண்ட ஆரம்பித்தது. எந்த முகத்தை வரைய உட்கார்ந்தாலும் தாடை அகலமாகிவிடும். நாவல் ஒன்று ஆரம்பித்து, முதல் அத்தியாயத்து ஆளுக்கு முகம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் கிடக்கிறது.

அவன் கை பயமில்லாமல் வேலை செய்த ஒரே இடம் அம்மன் கோயில் படுகளம். வைகாசியில் பென்னாகரம் பக்கத்திலிருந்து கூத்து ஜமா வந்து விடிய விடிய ஆடுவார்கள். கடைசி நாள், பாரதப் போரில் விழுந்த அரசனை மண்ணில் செய்து கோயிலுக்கு எதிரே வெட்டவெளியில் மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். லாரியைவிட நீளமாகக் கிடப்பான். ஊரில் அவனுக்கு ராசா என்றுதான் பேர். கதாயுதம் தூக்கிய வேஷக்காரர் ஆடிக்கொண்டே வந்து ராசாவின் தொடையில் அடிக்க, உள்ளே புதைத்த பானை உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். அதோடு கூத்து முடிந்தது. ராசாவின் உடம்பை இளவட்டங்கள் ஏரி மண்ணும் ஜேசிபியும் வைத்து எழுப்பிவிடுவார்கள். முகம் மட்டும் மாயவனுக்கு. அந்த முகத்துக்கு ஒரு முறை உண்டு. உருண்ட கண், பல் தெரிகிற வாய், மேலே முறுக்கிய மீசை, எல்லா வருஷமும் இதுதான். யாருடைய முகமும் இல்லை என்பதுதான் அதிலிருந்த நிம்மதி.

இந்த வருஷம் திருவிழா பாதியில் சுகுணா ஒரு சேதி கொண்டுவந்தாள். "உங்கண்ணி வேண்டியிருக்காங்களாம். பெரிய மாமாவைக் கூட்டியாந்து படுகளத்துல ராசாவச் சுத்த வைக்கறாங்களாம். அன்னிக்காவது போய் ஒரு வார்த்தை பேசுங்க."

அன்றைக்குப் பிடித்தது அவனுக்குத் தவிப்பு. சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று நடந்து நடந்து யோசித்தான். எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியவனுக்குத் தனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. 'எப்படி இருக்கறீங்க' என்று ஆரம்பித்தால் கேவலமாக இருந்தது. 'மன்னிச்சிருங்க' என்றால் நாடகம் மாதிரி இருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி இல்லை என்பது மட்டும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அந்தத் தவிப்போடுதான் படுகளத்தன்று விடிந்ததும் ராசாவின் மார்பில் ஏறி உட்கார்ந்தான். குழைத்த மண்ணை அள்ளி அள்ளி அப்பினான். தம்பிமார் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டுத் தனியாகக் கிடக்கிறவன் எதற்குப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று அவனுக்குத் திடீரென்று கோபம் வந்தது. வாயை மூடினான். மூடிய வாய் வெறுமனே இருந்ததால் உதட்டை ஒரு பக்கம் உள்ளே இழுத்தான். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினான். கை ஓட ஓட மனசு லேசானது. இப்படி ஓடிப் பல வருஷம் ஆகியிருந்தது. ராசாவின் முகம் மாட்டுவண்டி அகலம். மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு மூக்கு தெரியும், இல்லாவிட்டால் ஒரு கன்னம் தெரியும். முழு முகம் தெரியாது. சுண்ணாம்பும் கரியும் வைத்துக் கண்ணைத் திறந்தான். பூசாரி கற்பூரம் காட்டினார். கண் திறந்துவிட்டால் கதாயுதக்காரர் வரும்வரை ராசா மேல் மனுஷக் கை படக் கூடாது. மாயவன் திருப்தியாக இறங்கிக் கை கழுவினான்.

யூடியூப் சேனல் வைத்திருக்கும் சத்யராஜ் டிரோன் விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "சார், மேல இருந்து பாருங்க, வேற லெவல்ல இருக்குது" என்று போனை நீட்டினான்.

மாயவன் பார்த்தான். அந்தச் சின்னத் திரையில் அண்ணன் கிடந்தார். அகலத் தாடை, தடித்த மூக்கு, ஒரு பக்கமாகக் கடித்த உதடு. சாயம் வழிந்ததோ கை தவறியதோ, இடது புருவம்கூட நடுவில் விட்டுப்போயிருந்தது. கல்தூள் நிறத்தில் மண் காய ஆரம்பித்திருந்தது.

அரைப் பக்கத்தில் செய்ததை இப்போது அரை சென்ட் நிலத்தில் செய்துவைத்திருக்கிறான். அதுவும் அவர் வரப்போகிற நாளில், சுற்றுப்பட்டு ஊரே பார்க்க. மன்னிப்புக் கேட்கப்போகிற தம்பி இப்படித்தான் பந்தல் போட்டு வரவேற்பானா?

திருவிழாவை நடத்துகிற குமார் சின்ன வயசுச் சிநேகிதன். அவனைத் தேடி ஓடினான். "குமாரு, மூஞ்சியக் கலைக்கணும். பூசாரிகிட்டச் சொல்லு."

"பைத்தியமா உனக்கு? கண்ணத் தொறந்தாச்சு."

"நல்லாப் பாரு. அது எங்கண்ணன் மூஞ்சி."

குமார் நாலடி தள்ளி நின்று பார்த்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். "எங்க? எனக்கு ராசா மாதிரிதான் தெரியுது. இந்த வாட்டி கொஞ்சம் சொணங்கிப் போயிருக்கறாரு, அவ்வளவுதான். வாயத் தொறந்து விட்டிருந்தா இன்னும் களையா இருந்திருக்கும்."

சுகுணாவை இழுத்துவந்து காட்டினான். அவள் ராசாவைப் பார்க்காமல் இவனைப் பார்த்தாள். "யார மாதிரியும் இல்லீங்க. நீங்க மூணு நாளாச் சரியாச் சாப்பிடல, அதான் அப்படித் தோணுது. போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வாங்க."

டீக்கடை ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு மீசை சின்னது என்றார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் போன வருஷம் நன்றாக இருந்தது என்றார். யாருக்கும் தெரியவில்லை. பிழைத்தோம் என்றுதானே இருக்க வேண்டும்? ஆனால் எழுதுகிறவன் புத்தியும் வரைகிறவன் புத்தியும் ஒரே உடம்பில் இருந்தால் இப்படித்தான். இத்தனை அச்சாகச் செய்தும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லையே என்று ஒரு பக்கம் அவனுக்கு வலித்தது. அந்த வலி வந்ததற்காக அவனுக்கே அவன்மேல் அருவருப்பாகவும் இருந்தது. இட்லி தின்னவில்லை. ராசாவின் காதோரமாக நின்றுகொண்டான். அண்ணன் வந்தால் எப்படியாவது முகத்தின் பக்கம் வரவிடாமல் காலடியோடு பேசித் திருப்பிவிட வேண்டும் என்பது அவன் திட்டம்.

மேளத்தோடு வேண்டுதல்காரர்கள் வந்தார்கள். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகக் கூட்டம் ராசாவைச் சுற்ற ஆரம்பித்தது. மாயவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அகலத் தாடையைத் தேடினான். முதல் சுற்றில் காணோம். இரண்டாவது சுற்றிலும் காணோம். வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தபோது ஆறுதலும் ஏமாற்றமும் ஒன்றாக வந்தன. கூட்டத்தின் கடைசியில் ஒரு பெரியவர் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். சட்டை தோளில் மாட்டிவைத்த மாதிரி தொங்கியது. ஒரு கால் முழுக்கத் துணிக்கட்டு. பையன்கள் அவரை இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"தள்ளி நில்லுங்கப்பா, பெரியவர் வர்றாரில்ல" என்று மாயவன் கையை நீட்டி வழி விட்டான்.

பெரியவர் நின்றார். அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவள் தீர்த்தம்மாள். அவள் மாயவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"பெரியவரா?" என்றார் அண்ணன். குரல் மட்டும் பழைய குரல்.

தாடை இல்லை. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. மூக்கு எலும்பாக நின்றது. நரைத்த புருவத்தில் அந்தத் தழும்பு இருந்தது, அதுவும் சுருக்கங்களில் ஒன்றாக. போட்டுவைத்த திட்டம் மறந்து மாயவன் ஒதுங்கி வழியை விட்டான். அண்ணன் அவனை விட்டுவிட்டு ராசாவின் முகத்துக்குப் போய்விட்டார். தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரிக்கு லாரி பின்னால" என்றார்.

"ஆமாண்ணா." பொய் சொல்லத் தோன்றவில்லை. "வேணும்னு செய்யலண்ணா. கை அதுவாப் போயிருச்சு. கண்ணத் தொறந்துட்டாங்க, இல்லன்னா நானே கலைச்சிருப்பேன்."

"எதுக்குக் கலைக்கற? இங்க எவனுக்குத் தெரியப்போவுது." அண்ணன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அந்த மூஞ்சி இப்ப எங்கிட்டயே இல்லையேடா."

மாயவன் அவரைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தலையைக் குனியாமல் பார்த்தான். அண்ணன் முகத்தைத் தான் பத்திரமாக வைத்திருப்பதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்தது எப்போதோ பார்த்த ஒரு மத்தியானம் மட்டும்தான். அதற்குப் பிறகு அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. சேலத்துக்கு வேறு ஒருத்தன் கூடப் போயிருக்கிறான், காலுக்கு வேறு யாரோ கட்டுக் கட்டியிருக்கிறார்கள். தொப்பூர் வரைக்கும் போய்த் திரும்பியதை நினைத்தான். அங்கேயே, மேளச் சத்தத்துக்கு நடுவில், அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான். அது அடங்குகிற மாதிரி இல்லை, தோள் இரண்டும் குலுங்கின.

முதலில் பார்த்தது டீக்கடை ஆள். "மாயவனுக்கு என்னப்பா ஆச்சு?" என்றார். நாலைந்து பேர் திரும்பினார்கள். திரும்பியவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் திரும்பினார்கள். சத்யராஜ் போனைத் தூக்கிப் பிடித்தான்.

அண்ணன் தடியை ஊன்றி, கட்டுப்போட்ட காலை மெதுவாக இழுத்துக்கொண்டு, மாயவனுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை உதறி ஒரு கையில் அகலமாகப் பிடித்துக்கொண்டார். அந்த உடம்பு யாரையும் மறைக்கப் போதாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"இங்க என்னங்க பாக்கறீங்க?" என்றார் கூட்டத்திடம். "அங்க ராசா அழுவறாரு பாருங்க, அவரப் பாருங்க."

எல்லோரும் திரும்பி ராசாவின் முகத்தைப் பார்த்தார்கள்.